புகையிலையை விடுதலும் சிக்கன வைப்பும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஏடுகளைப் பரிசீலித்துக் கொண்டிருந்தபோது, தவணை கடந்த கடன்களின் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே ‘காலமானார்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கக் கண்டோம். அக்கடனுக்கு ஜாமீன் நின்ற இருவரும் அன்று கூலிப் பட்டுவாடாவுக்காகச் சங்கத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தனர். விவரம் கேட்டோம். இறந்தவருக்கு வயது நாற்பத்தாறு. கன்னத்தின் உட்புறத்தில் வந்த புண் ஆறாமல் பெருகி, வாய் திறக்க முடியாத நிலை ஏற்பட்டு, ஓராண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வைத்தியச் செலவுக்காகத் தறி ஒன்றை விற்றிருக்கின்றனர். மீதிக் கடனை ஜாமீன்தாரர் இருவரும் மாதந்தோறும் தங்கள் கூலியிலிருந்து கட்டி வருகின்றனர். இவ்வளவையும் எடுத்துச் சொன்ன பெரியவர், சொல்லி முடித்ததும் மடியிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார்; புகையிலையைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவரே நம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “விடத்தான் வேண்டும், ஐயா. இரண்டு முறை விட்டேன். நாலு நாள் தாங்குகிறது. ஐந்தாம் நாள் கை தானாகவே மடிக்குப் போய்விடுகிறது. மன உறுதி இல்லாத ஜன்மம்.”

அவர் சொன்ன கடைசி வாக்கியம் சரிதானா என்று ஆராய்வதே இம்மாதப் பாடத்தின் நோக்கம்.

முதலில் அந்த இலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். புகையிலைச் செடி தன்னைத் தின்ன வரும் புழு பூச்சிகளுக்கு எதிராகத் தன் வேரிலே ஒரு நஞ்சை ஆக்கி இலைக்கு அனுப்புகிறது. அதற்கு நிக்கோட்டின் என்று பெயர். அசுவினிப் பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் தெளிக்கும் குடியானவர்கள் அந்த நஞ்சைத்தான் பயன்படுத்துகின்றனர். செடியின் தலையைக் கிள்ளிவிட்டால் இலையில் காரம் ஏறுகிறது என்பதைப் பயிரிடுவோர் அறிவர். ஏறுவது பெரும்பாலும் இந்த நிக்கோட்டினே. புகையாக இழுத்தால் இது பத்து இருபது விநாடிகளில் மூளையைச் சென்றடைகிறது. வாயில் அடக்கினால் கன்னத்தின் மெல்லிய தோல் வழியே மெதுவாக இரத்தத்தில் கலக்கிறது. சுண்ணாம்பு சேர்ப்பது ருசிக்காக என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், சுண்ணாம்பின் காரத்தன்மையால் நிக்கோட்டின் எளிதில் தோலை ஊடுருவும் நிலையை அடைகிறது. இரசாயனம் படிக்காத நம் முன்னோர் அனுபவத்தால் கண்டுபிடித்த வித்தை அது. நன்மைக்கான வித்தை என்று மட்டும் சொல்ல இயலவில்லை.

உடலில் சேர்ந்த நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அடுத்த இரண்டு மணியில் மீதியிற் பாதி. இரவு உறங்கி எழும்போது உடலில் சொற்பமே எஞ்சியிருக்கும். விடியற்காலையில் பல் துலக்குமுன்பே கை புகையிலையைத் தேடுவதன் காரணம் இதுதான். பல ஆண்டுகளாக வேளை தவறாமல் இந்நஞ்சைப் பெற்றுப் பழகிய மூளை, அது வராதபோது முறையிடத் தொடங்குகிறது. எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, வேலையில் மனம் செல்லாமை, அடங்காப் பசி, மலச்சிக்கல் இவையெல்லாம் அம்முறையீட்டின் வடிவங்கள். ‘புகையிலை போட்டால்தான் காலையில் வெளிக்குப் போகிறது’ என்று பலர் சொல்வது பொய்யன்று. ஆனால் அது புகையிலையின் குணமன்று, புகையிலைக்கு அடிமையான குடலின் குணம். இவ்வேதனை விட்ட முதல் வாரத்தில் உச்சத்துக்கு ஏறி, மூன்று நான்கு வாரங்களில் தணிந்துவிடுகிறது. பெரியவர் சொன்ன நாலு நாள் என்பது வெள்ளம் கரை மட்டத்துக்கு ஏறி நிற்கும் நேரம். அப்போது அவர் தனியாக நின்றிருக்கிறார்.

எத்தனை பேர் இவ்வாறு தனியாக நின்று வெல்கின்றனர்? எவ்வித உதவியுமின்றிப் புகைப்பதை விட முயல்வோரைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2004-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியாயிற்று. ஒரு முயற்சியில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிலைத்து நிற்பவர் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே. திரும்ப வீழ்வோரில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே வீழ்கின்றனர். ஆகவே ஐந்தாம் நாள் தோற்ற பெரியவர் உறுதியில்லாத ஜன்மம் அல்லர். நூற்றில் தொண்ணூற்றைந்து பேரைப் போன்ற மனிதர். நம் நாட்டில் 2016-17-இல் எடுக்கப்பட்ட புகையிலைக் கணிப்பின்படி, புகைப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விட எண்ணியிருந்தனர். ஆனால் முந்திய ஓராண்டில் விட முயன்றவர்களில் பத்தில் ஏழு பேர் யாருடைய உதவியும் பெறாமல்தான் முயன்றனர்.

நோயின் கணக்கு

புகையிலை கெடுதி என்பது பழங்கதை; அதை ஏன் மீண்டும் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கெடுதியின் அளவு பலருக்குத் தெரியாது என்பதே நம் விடை.

1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவர், லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரற் புற்றுநோயுடன் கிடந்தவர்களையும் வேறு நோயுடன் கிடந்தவர்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொடங்கும்போது டால், பாதைகளில் போடும் தாரும் மோட்டார்ப் புகையும் காரணமாயிருக்கும் என்றே கருதினார். விடைகள் வந்து குவியக் குவியச் சிகரெட்டே காரணம் என்று கண்டு, ஆராய்ச்சி முடிவதற்குள் தாமும் புகைப்பதை விட்டார். அடுத்து 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கடிதம் எழுதி, அவரவர் பழக்கத்தைக் கேட்டறிந்து, பதில் தந்த ஆண் மருத்துவர் 34 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இவ்வளவு பொறுமையான பேரேட்டை எந்தச் சங்கத்திலும் நாம் கண்டதில்லை. 2004-இல் வெளிவந்த அதன் முடிவு இது: தொடர்ந்து சிகரெட் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரி 10 ஆண்டுகள் முன்னதாக மாண்டனர். 60 வயதில் விட்டவர்கள் அவற்றுள் 3 ஆண்டுகளைத் திரும்பப் பெற்றனர். 50-இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40-இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 30-இல் விட்டவர்கள் ஏறக்குறைய முழுவதையும் திரும்பப் பெற்றனர். ‘வயதாகிவிட்டது, இனி விட்டென்ன பயன்’ என்பார்க்கு இக்கணக்கைக் காட்டலாம். அறுபதிலும் மூன்று ஆண்டு வரவு உண்டு.

அது வெள்ளைக்காரர் கணக்கு, சிகரெட்டுக் கணக்கு, நமது பீடிக்குப் பொருந்தாது என்பாரும் உளர். சென்னை மாநகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 1990-களின் பிற்பகுதியில் இறந்த ஆண்கள் 43 ஆயிரம் பேரின் விவரங்களை, உயிரோடிருந்த 35 ஆயிரம் பேருடன் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2003-இல் வெளிவந்தது. புகைப்பவர்கள் காசநோயால் மாளுதல் புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்கு என்று அதில் தெரியவந்தது. நெருக்கமான வீடுகளில், காற்றோட்டம் குறைந்த தறிக் குழியில், பஞ்சுத் தூசியிடையே நாளெல்லாம் இருந்து உழைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். 2008-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி நாடு முழுவதும் பதினோரு லட்சம் வீடுகளில் நடத்தப்பட்டது. பீடி புகைக்கும் ஆண்கள் 6 ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண்கள் 8 ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளையும் இழக்கின்றனர் என்று அது கண்டது. பீடி மெல்லியது என்னும் நம்பிக்கைக்கு இதில் ஆதாரமில்லை.

தறியில் உட்காருவோர் புகைப்பதைவிட மெல்லுவதே அதிகம். பாவின்மேல் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மேலும் நெசவில் கையும் காலும் ஓய்வதில்லை, வாய்தான் ஓய்ந்திருக்கிறது. ஆகவே புகையிலை அங்கே போகிறது. இலையைப் பாடம் செய்து பதப்படுத்தும்போது அதில் நைட்ரோசமைன் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. இவை புற்றுநோயை விளைவிப்பவை. புகையில்லாத புகையிலையும், புகையிலை கலவாத வெறும் கொட்டைப்பாக்கும்கூடப் புற்றுநோய் விளைவிப்பன என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சிக் குழுவினர் 2004-இலும் 2007-இலும் வெளியிட்ட நூல்களில் முடிவு கூறியுள்ளனர். கன்னத்தின் உட்புறம் வெண்மையாகவோ செந்நிறமாகவோ தடித்த திட்டு, இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், வாய் முன்போல் அகலத் திறக்க வராமை ஆகிய மூன்றில் எது கண்டாலும் வலி இல்லையென்று வாளாவிருத்தல் கூடாது. தொடக்கத்தில் வலி இராது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து கண்ணால் பார்த்த அளவிலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் அறிவித்தனர். விளக்கும் கண்ணும் போதுமான சோதனை அது.

துணை என்பது யாது?

இனி, விட விரும்புவோர்க்கு உதவி என்றால் என்ன என்பதைக் காண்போம். மிக எளிய உதவி ஒரு வார்த்தை. லண்டனில் 28 வைத்தியர்களிடம் வந்த புகைப்போர் 2,138 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து ஓர் ஆராய்ச்சி நடத்தினர். முடிவு 1979-இல் வெளிவந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்ட பிரிவில், முதல் மாதத்திலேயே விட்டு ஓராண்டு வரை நிலைத்தவர் ஆயிரத்துக்கு 3 பேர். பழக்கத்தைப் பற்றிக் கேள்விகள் மட்டும் கேட்ட பிரிவில் 16 பேர். ‘விட்டுவிடுங்கள்’ என்று வைத்தியர் ஓரிரு நிமிடம் எடுத்துச் சொன்ன பிரிவில் 33 பேர். சொன்னதோடு ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, ‘பின்னர் வந்து விசாரிப்போம்’ என்றும் அறிவித்த பிரிவில் 51 பேர். எண்ணிக்கை சிறியதே, ஆயினும் செலவு ஓரிரு நிமிடமும் ஒரு தாளும். ‘வந்து விசாரிப்போம்’ என்பதன் வலிமை நம் இலாகாவினருக்குப் புதிதன்று. பரிசீலனைத் தேதி அறிவிக்கப்பட்ட பிறகுதானே பல சங்கங்களில் ரொக்கப் புத்தகம் எழுதப்படுகிறது?

நம் பக்கத்திலும் இது சோதிக்கப்பட்டது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பல் வைத்திய ஆராய்ச்சியாளர், எர்ணாகுளம், பவநகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டக் கிராமங்களில், புகையிலைப் பழக்கமுள்ள 36 ஆயிரம் பேரை ஆண்டுதோறும் நேரிற் கண்டு வாயைச் சோதித்து அறிவுரை கூறி வந்தனர். ஐந்தாண்டு அனுபவம் 1986-இல் வெளியாயிற்று. அறிவுரை பெற்றவர்களிடையே பழக்கத்தை விட்டவர் தொகை கூடியது. எர்ணாகுளத்தில் வாயில் வெண்திட்டு புதிதாக ஏற்படுவது வெகுவாகக் குறைந்தது.

அடுத்த உதவி மருந்து. ஸ்வீடனில் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் கப்பலுக்குள் புகைக்க முடியாமையால் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு வேதனையின்றி இருப்பதை 1960-களில் ஆராய்ச்சியாளர் கவனித்தனர். நம் நெசவாளரின் நிலையும் அதுவே அன்றோ? புகையின்றி நிக்கோட்டின் கிடைத்தால் போதும் என்றால், புகையிலையின்றியே அதைக் கொடுக்கலாமே என்று எண்ணி ஓவே ஃபெர்னோ என்னும் இரசாயன அறிஞர் நிக்கோட்டின் கலந்த மெல்லும் பிசினை ஆக்கினார். 1978-இல் ஸ்விட்சர்லாந்து முதன்முதலாக அதற்கு அனுமதி தந்தது. இவ்வகை மருந்துகள், புகைப்போர் விடுதலில் வெற்றி பெறும் வாய்ப்பை ஒன்றுக்கு ஒன்றரை மடங்காக்குகின்றன. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் இப்பிசின் கிடைக்கிறது. வெற்றிலையைப்போல் ஓயாமல் மெல்லக் கூடாது. சிறிது மென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, மீண்டும் மெல்ல வேண்டும். நெசவாளர்க்கு இதில் பயிற்சி தேவையிராது.

பயிரிடுவோர் அறிய விரும்பும் மற்றொரு மருந்தும் உண்டு. ஐரோப்பாவில் லேபர்னம் என்றொரு மரம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சரக்கொன்றையைப் போல் மஞ்சட் பூங்கொத்துகள் தொங்கும். அதன் விதையிலுள்ள சைட்டிசின் என்னும் சத்து, மூளையில் நிக்கோட்டின் அமரும் இடத்தில் தான் அமர்ந்து வேட்கையைத் தணிக்கிறது. பல்கேரியர் 1964 முதல் இதை மாத்திரையாக விற்று வந்தனர். 2011-இல் வெளிவந்த வார்சா நகரத்துச் சோதனையில் 740 பேர் பங்கு கொண்டனர். ஓராண்டு நிலைத்தவர்கள் மருந்துண்டவரில் நூற்றுக்கு 8 பேருக்குச் சற்று மேல். வெறும் மாத்திரை உண்டவரில் 2 பேருக்குச் சற்று மேல். 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மருந்துகளுள் இதுவும் ஒன்று. லேபர்னம் விதை கொடிய நஞ்சு. சரக்கொன்றையோ வேறு மரம், இச்சத்து அதில் இல்லை. எவரும் மரத்தடிக்குப் போய்ச் சோதனை செய்ய வேண்டா. மருத்துவர் சொல்லும் மாத்திரையே மருந்து.

ஆலோசனை பெற 2002-இல் நாட்டில் 13 இடங்களில் புகையிலை விடுவிப்பு நிலையங்கள் தொடங்கின. அவற்றுள் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையும் ஒன்று. 2016 முதல் மத்திய அரசினரின் இலவசத் தொலைபேசிச் சேவையும் உண்டு, எண் 1800-11-2356. புகையிலைப் பொட்டலத்திலேயே இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கிறது. பொட்டலத்தை நாள்தோறும் பிரிப்பவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பர் என்பது வேறு விஷயம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரு நாள் குறித்து அடியோடு விடுவதா என்பது பழைய வழக்கு. இங்கிலாந்தில் 697 பேரிடம் சோதித்து 2016-இல் வெளியிட்டனர். ஆறு மாதம் கழித்து, நாள் குறித்து விட்டவரில் நூற்றுக்கு 22 பேரும், குறைத்துக்கொண்டே வந்து விட்டவரில் 15 பேருக்குச் சற்று மேலும் நிலைத்திருந்தனர். நாள் குறிப்பதே நலம்.

பணயமாக வைத்த பணம்

இனிச் சொல்லப்போவது கூட்டுறவாளர்களுக்கே உரியது. பிலிப்பைன்ஸ் நாட்டில் மிண்டனாவோ தீவில் ஒரு சிறு வங்கி 2006-இல் புகைப்போருக்கு ஒரு புதுமையான கணக்கைத் திறந்து கொடுத்தது. வாரந்தோறும் வசூலிப்பவர் வீட்டுக்கு வருவார்; சிகரெட்டுக்குச் செலவழித்திருக்கும் காசை அவரிடம் கொடுக்க வேண்டும். வட்டி கிடையாது. ஆறு மாதம் வரை எடுக்கவும் இயலாது. ஆறாம் மாதம் சிறுநீர்ச் சோதனை. நிக்கோட்டின் சுவடு இல்லையேல் பணம் முழுவதும் திரும்பும். இருந்தால் முழுவதும் தர்மத்துக்குப் போய்விடும். இக்கணக்கைப் பற்றி எடுத்துச் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேரே கணக்குத் திறந்தனர். அவர்களிலும் பலர் பணத்தை இழந்தனர். ஆயினும் கணக்குப் பற்றிச் சொல்லப்பட்ட கூட்டம் முழுவதையும் சொல்லப்படாத கூட்டத்துடன் ஒப்பிட்டபோது, ஆறாம் மாதச் சோதனையில் தேறியவர் நூற்றுக்கு 3 பேர் அதிகம். ஓராண்டு கழித்து, பணயம் எதுவும் இல்லாத நிலையில் திடீரென்று சோதித்தபோதும் அவ்வேற்றம் நீடித்தது. 2010-இல் இவ்விவரம் வெளிவந்தது.

தாய்லாந்தின் நகோன் நாயக் மாகாணத்துக் கிராமங்களில் இன்னும் ஒரு படி சென்றனர். புகைப்போர் இருவர் இருவராகச் சேர்ந்து, அவரவர் வைப்புக் கட்டி, இருவருமே விட்டால் இருவருக்கும் வெகுமதி என்று ஏற்பாடு. 2013-இல் வெளியான முடிவின்படி, ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேரும், வைப்பும் துணையும் சேர்ந்தவர்களில் 44 பேரும் ஆறாம் மாதத்தில் விட்டிருந்தனர். பங்கு கொண்டவர் இருநூறு பேர் அளவே. ஆகவே ஒரு சிறு சோதனையின் முடிவாகவே இதைக் கொள்ள வேண்டும்.

மாறான சாட்சியும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. அமெரிக்காவில் 2,538 பேரிடம் நடத்திய சோதனையில், சொந்தப் பணத்தை வைப்பாகக் கட்டும்படி கேட்கப்பட்டவரில் நூற்றுக்கு 14 பேரே இசைந்தனர்; வெகுமதி மட்டும் என்றபோது 90 பேர் இசைந்தனர். ஆறு மாதம் நிலைத்தவர் வெகுமதிப் பிரிவில் நூற்றுக்கு 16, வைப்புப் பிரிவில் 10, வழக்கமான அறிவுரைப் பிரிவில் 6. குழுவாகச் சேர்த்ததனால் தனிப்பட்ட முறையைவிட அதிகப் பயன் ஏற்படவில்லை. அங்கே குழுவினர் ஒருவரையொருவர் அறியாதவர். கணிப்பொறி வாயிலாகச் சேர்க்கப்பட்டவர். ஒரே தெருவில் தறி போட்டு, ஒருவர் கடனுக்கு மற்றவர் கையொப்பமிடும் மக்களிடம் இது எவ்வாறிருக்கும் என்பதை நாமே செய்து பார்த்துத்தான் அறிய வேண்டும்.

எப்படிச் செய்வது? சங்கம் ஒன்றில் விட விரும்பும் அங்கத்தினர் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு நாளைக் குறிக்கட்டும். புகையிலைக்கு நாள்தோறும் ஆகும் காசைக் கூலிப் பட்டுவாடாவின்போதே சிக்கன வைப்பில் வரவு வைக்கலாம். பிலிப்பைன்ஸ் வங்கி செய்ததுபோல் வைப்பைப் பறிமுதல் செய்யும் யோசனையை மட்டும் நாம் ஆதரிக்கவில்லை. அங்கத்தினரின் வைப்பு அவருடைய சொத்து. துணைவிதியில் இல்லாத அபராதத்தைப் பஞ்சாயத்தார் விதிக்கலாகாது. வறியவர் தோற்றபோது அவர் சேமிப்பையும் பறிப்பது மனத்துக்கும் ஒவ்வவில்லை. தோற்றவருக்கு வைப்பு அப்படியே திரும்பட்டும். வென்ற ஜோடிக்கு ஒரு சிறு ஊக்கத்தொகை சேரட்டும். அதை எந்த நிதியிலிருந்து கொடுக்கலாம் என்பதைத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி பெற்ற பின்னரே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

சோதனை பற்றி ஓர் எச்சரிக்கை. மூச்சை ஊதச் செய்து பார்க்கும் கருவி புகைப்பவரை மட்டுமே காட்டும், மெல்லுபவரைக் காட்டாது. சிறுநீர்ச் சோதனை இருவரையும் காட்டும். ஆனால் வைத்தியர் கொடுத்த நிக்கோட்டின் பிசினை மெல்பவரையும் புகையிலை போட்டவராகவே காட்டிவிடும். ஆகவே பிசின் உபயோகிப்பவர் அதை நிறுத்திய பின்னரே சோதனைக்கு உரியவராவார். கருவியைவிட, பக்கத்துத் தறிக்காரரின் கண் எளிதில் ஏமாறாது.

பயிரிடுவோருக்கு

இப்பத்திரிகையைப் படிப்போரில் புகையிலை பயிரிடுவோரும் இருக்கின்றனர். ‘எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்களே’ என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வியே. கூட்டுறவு இயக்கத்துக்கே இவ்விஷயத்தில் இரண்டு மனம் உண்டு. 1844-இல் ராச்டேல் நெசவாளர் முதலிய முன்னோடிகள் இருபத்தெண்மர் சங்கம் கண்டபோது, மது இல்லாத உணவு விடுதி ஒன்று திறப்பதையும் குறிக்கோள்களுள் ஒன்றாக எழுதினர். அடுத்த ஆண்டே தங்கள் பண்டகசாலையில் தேயிலையோடு புகையிலையையும் விற்கத் தொடங்கினர்.

பயிரிடுவோரின் உடல்நலமும் இதில் அடக்கம். பனியிலும் மழையிலும் நனைந்த பச்சை இலையை ஒடிக்கும்போது நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலிற் சேர்கிறது. தலைசுற்றல், குமட்டல், வாந்தி, சோர்வு ஆகியவை உண்டாகும். அமெரிக்காவின் ஃப்ளாரிடாவில் 1970-இல் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. இலை உலர்ந்த பின் ஒடித்தல், கை மூடிய சட்டை, நனைந்த உடையை உடனே மாற்றுதல், சோப்பிட்டுக் கழுவுதல் ஆகியவை காப்பு. சிறுவரையும் கர்ப்பிணிகளையும் இவ்வேலைக்கு அனுப்பலாகாது.

பயிரை மாற்றுவது ஓர் இரவில் நடக்கும் காரியமன்று. மாற்றுப் பயிருக்கு நீர், விதை, எல்லாவற்றுக்கும் மேலாக விலை நிச்சயம் வேண்டும். மத்திய அரசினரின் பயிர் மாற்றுத் திட்டம் 2015-16 முதல் தமிழ்நாடு உட்படப் புகையிலை விளையும் பத்து மாநிலங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அதிலும் படிப்பினை தருவது கண்ணூர். 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் கேரளத்தில் அமலானபோது முதலாளிகள் கடையை மூடியதால் வேலையிழந்த தொழிலாளர், 1969-இல் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். உச்சநிலையில் அதன் தொழிலாளர் தொகை 40 ஆயிரத்துக்கும் மேல். பீடி விற்பனை சரியத் தொடங்கியதும், சங்கம் முழுகும் வரை காத்திராமல், 1990-களின் இறுதியில் மசாலைப் பொடி, தேங்காய்ப் பால், பிறகு குடை, ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கினர். பீடி சுற்றிய கைகள் எல்லாவற்றுக்கும் அங்கே வேலை கிடைத்துவிடவில்லை. தொகை பெரிதும் சுருங்கிற்று. ஆயினும் சங்கம் நின்றது.

நாம் முதலிற் சொன்ன சங்கத்துக்கு மறுமுறை சென்றபோது இவ்விவரங்களைத் திண்ணையில் அமர்ந்து எடுத்துச் சொன்னோம். பெரியவர் பிலிப்பைன்ஸ் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். “காசு போய்விடும் என்றால் நான் கணக்கே திறக்க மாட்டேன், ஐயா” என்றார். வைப்பு திரும்பும் என்று கேட்டபின், கூட ஜாமீன் நின்றவரைப் பார்த்து, “நீ விட்டால் நானும் விடுகிறேன்” என்றார். இருவரும் அரசு மருத்துவமனையில் வாயைக் காட்டி வந்தனர். பெரியவருக்கு ஒரு வெண்திட்டு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கின்றனர். கார்த்திகை முதல் தேதியை நாளாகக் குறித்தனர். காரியதரிசி இருவர் பெயரிலும் கணக்குத் திறந்துவிட்டார். ஊக்கத்தொகைக்கான அனுமதி இன்னும் வரவில்லை. அடுத்த பரிசீலனை சித்திரையில். ஏட்டில் காண்பது எதுவாயினும் இப்பக்கங்களில் எழுதுவோம்.